முளையில் தெரிவது எவ்வளவு?

1960ஆம் ஆண்டின் பேஸ்பால் பருவம் முடிந்த கையோடு, லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் உடைமாற்றும் அறையில் 24 வயது இளைஞர் ஒருவர் தன் கையுறைகளையும் ஸ்பைக் ஷூக்களையும் குப்பைத்தொட்டியில் வீசிவிட்டுக் கிளம்பினார். பெயர் சாண்டி கூஃபாக்ஸ். இடது கை பிட்சர்; நம் கிரிக்கெட் கணக்கில் சொன்னால் வேகப்பந்து வீச்சாளர். ஆறு வருடம் அணியில் இருந்து பார்த்தாயிற்று. அவர் பெயரில் 36 வெற்றி, 40 தோல்வி. இனி வேறு பிழைப்பைப் பார்க்கலாம் என்ற மனநிலைக்கு வந்துவிட்டார்.

அந்த அறைக்குப் பொறுப்பாளர் நோப் கவானோ. குப்பையில் கிடந்ததையெல்லாம் எடுத்துப் பத்திரப்படுத்தினார். ஒருவேளை பையன் மனம் மாறித் திரும்பி வந்தால் தேவைப்படும் அல்லவா?

வந்தார். 1962 முதல் 1966 வரை ஐந்து ஆண்டும் தேசிய லீக்கில் ரன் கொடுப்பதில் அவரைப் போலக் கருமி வேறு யாரும் இல்லை. நான்கு ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ஹிட் கூட, அதாவது பேஸை எட்டவைக்கும் ஓர் அடி கூட, விட்டுக்கொடுக்கவில்லை. மூட்டுவாதம் முழங்கையை அரித்ததால் 30 வயதில் ஓய்வு. 36 வயதில் ஹால் ஆஃப் ஃபேம் என்னும் பேஸ்பால் புகழ் மண்டபம். அவ்வளவு இளம் வயதில் அந்த மண்டபத்துக்குத் தேர்வானவர் இன்றுவரை வேறு எவரும் இல்லை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம். கூஃபாக்ஸின் முளையில் என்ன தெரிந்தது? அசுர வேகம் தெரிந்தது. 19 வயதிலேயே தெரிந்தது. ஆனால் கையை விட்ட பந்து எங்கே போய்ச் சேரும் என்பது அவருக்கே தெரியாது. வேகத்தைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்று தோன்றும். எண்ணிக்கையைப் பார்த்தால் கைகழுவிவிடலாம் என்று தோன்றும். இரண்டுமே ஒரே பையனைப் பற்றிய உண்மைதான்.

பெரிதாக வருவான் என்று நம்பப்படும் ஓர் இளம் ஆட்டக்காரருக்காக எவ்வளவு காலம் காத்திருக்கலாம்? பேஸ்பால் உலகம் நூறு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. நரம்பியலும் உடலியலும் புள்ளியியலும் ஆளுக்கொரு பக்கத்திலிருந்து இதற்குப் பதில் சொல்கின்றன.

பண்ணையும் பயிரும்

அந்தப் பழமொழிக்கும் பேஸ்பாலுக்கும் நேரடி உறவே உண்டு. அமெரிக்காவின் மேஜர் லீக் அணி ஒவ்வொன்றும் தனக்குக் கீழே சின்ன அணிகளை வைத்து இளைஞர்களை வளர்க்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு அவர்கள் வைத்த பெயரே பண்ணைதான். 1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்காக பிராஞ்ச் ரிக்கி என்பவர் வளர்த்தெடுத்த முறை அது. இன்று 30 மேஜர் லீக் அணிகளுக்கு 120 பண்ணை அணிகள் இருக்கின்றன. லோ-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று நான்கு படிகள். எல்லாப் படிகளையும் ஏறி முடிக்கப் பெரும்பாலோருக்குப் பல வருடங்கள் ஆகும். உச்சியில் இருக்கும் இடமோ அணிக்கு 26 வீதம் மொத்தம் 780. ஆண்டுதோறும் டிராஃப்ட் என்னும் தேர்வில் மட்டும் 20 சுற்றுகளில் அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் புதிதாக வரிசையில் சேர்கிறார்கள்.

இந்த முளைகளை மதிப்பிடுவதற்கென்றே ஊர் ஊராகத் திரியும் ஸ்கவுட்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் போடும் மதிப்பெண் நம் பள்ளிக்கூடத்து நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு இல்லை. 20இல் தொடங்கி 80இல் முடியும். மேஜர் லீக்கின் சராசரி ஆட்டக்காரர் 50. அங்கிருந்து ஒவ்வொரு பத்தும் புள்ளியியலில் திட்ட விலக்கம் என்று சொல்லப்படும் ஓர் அளவு. ஆகவே 80 என்பது சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கம் மேலே. மணி வடிவப் பரவலில் அந்த உயரத்தைத் தொடுவோர் ஏறக்குறைய 740 பேரில் ஒருவர்.

இதில் சுவாரசியம் என்னவென்றால் ஒவ்வொரு திறனுக்கும் ஸ்கவுட் இரண்டு எண்களை எழுதுவார். முதல் எண் இன்றைய நிலை. இரண்டாவது அவன் முழுதாக விளைந்தபின் இருக்கக்கூடிய நிலை. அடிக்கும் பலம் 30/60 என்றால் இன்று சுமார், நாளை பிரமாதம். காத்திருப்பு முழுவதும் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் உள்ள சாய்கோட்டில்தான் இருக்கிறது.

அந்த இரண்டாவது எண்ணில்தான் வம்பும் இருக்கிறது. பார்ப்பதற்கு ஒற்றை எண். உண்மையில் அது ஒரு பெரிய வீச்சின் நடுப்புள்ளி. 1988 டிராஃப்டில் மைக் பியாஸா 62ஆவது சுற்றில் எடுக்கப்பட்டார். அவருக்கு முன்னால் 1,389 பேர் தேர்வாகியிருந்தார்கள். அப்பாவின் நண்பர் டாட்ஜர்ஸ் அணியின் மேலாளராக இருந்ததால் கிடைத்த சலுகை அது. 2016இல் அதே பியாஸா ஹால் ஆஃப் ஃபேமில் நுழைந்தார். மைக் டிரவுட்டை 2009இல் 24 தேர்வுகள் தாண்டிப் போயின. 19 வயதில் மேஜர் லீக்குக்கு வந்த அவர் முதல் 40 ஆட்டங்களில் அடித்த சராசரி, அதாவது மட்டை பிடித்த முறைக்கு எத்தனை ஹிட் என்ற விகிதம், வெறும் 0.220. மறு வருடம் 0.326, கூடவே 30 ஹோம் ரன், 49 பேஸ் திருட்டு, சிறந்த புதுமுகம் விருது. முளையைப் பார்த்தவர்கள் கண்ணில் கோளாறு இல்லை. எதிர்காலம் இன்னும் அந்த உடம்புக்குள் எழுதப்பட்டிருக்கவில்லை, அவ்வளவுதான்.

0.4 வினாடிக்குள் ஒரு படிப்பு

முதலில் மட்டை பிடிப்பவரை எடுத்துக்கொள்வோம். பிட்சர் நிற்கும் மேட்டிலிருந்து பேட்டரின் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். கையை நீட்டி எறிவதால் பந்து உண்மையில் பறக்கும் தூரம் சுமார் 55 அடி. மணிக்கு 95 மைல், அதாவது 153 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க எடுக்கும் நேரம் ஏறத்தாழ 0.4 வினாடி. கண் சிமிட்டும் நேரம். அதில் மட்டையைச் சுழற்றவே சுமார் 0.15 வினாடி போய்விடும். மிச்சமிருக்கும் கால் வினாடியில் பந்தைப் பார்த்து, அது என்ன வகை என்று பிரித்து, எங்கே வந்து விழும் என்று கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டும். கணிப்பில் நூறில் ஒரு பங்கு வினாடி பிசகினால் பந்து 40 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும்.

பந்தின் மேலேயே கண் வைத்திரு என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். அது முடியாத காரியம். 1984இல் டெரி பாஹில் என்ற பொறியியலாளரும் அவருடன் பணியாற்றியவரும் பேட்டர்களின் கண்ணசைவை அளந்து பார்த்தார்கள். பந்து பிளேட்டை நெருங்கும் கடைசிச் சில அடிகளில் அதன் கோண வேகம் கண்ணின் சக்தியை மீறிவிடுகிறது. தேர்ந்த ஆட்டக்காரரும் அந்தக் கட்டத்தில் பந்தைத் தொடர முடிவதில்லை. ஆக, மட்டை போய் மோதுவது கண்ணால் கண்ட பந்தோடு இல்லை. மூளை முன்கூட்டியே வரைந்து வைத்த பந்தோடு.

அந்த ஓவியம் எங்கிருந்து வருகிறது? 2004இல் நடந்த ஒரு காட்சிப் போட்டி இதற்கு நல்ல சாட்சி. சாஃப்ட்பால் வீராங்கனை ஜெனி ஃபின்ச் 43 அடி தூரத்திலிருந்து பந்தெறிந்தார். அவருடைய பந்து பேஸ்பாலை விட மெதுவானது. ஆனால் தூரம் குறைவு என்பதால் பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் ஏறக்குறைய அதேதான். பந்தோ பேஸ்பாலை விடப் பெரியது. எதிரே நின்றவர் ஆல்பர்ட் புஹோல்ஸ், அந்தக் காலத்தின் மிகச்சிறந்த பேட்டர்களில் ஒருவர். அவரால் அதைத் தொட முடியவில்லை. மூன்று முறை தவறி ஆட்டமிழந்தார்; இதற்கு ஸ்ட்ரைக் அவுட் என்று பெயர். அவருடைய அனிச்சை வேகம் ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. அவர் மூளை சேர்த்து வைத்திருந்ததெல்லாம் தோளுக்கு மேலிருந்து வரும் பந்துகளின் படங்கள். இடுப்புக்குக் கீழே இருந்து மேல்நோக்கி எழும் பந்துக்கு அந்த நூலகத்தில் ஒரு பக்கம் கூட இல்லை.

இந்த நூலகத்தைக் கட்டுவதுதான் பண்ணையில் நடக்கும் வேலை. பிட்சரின் தோள் திரும்பும் விதம், மணிக்கட்டின் சாய்வு, பந்தின் தையல் சுழல்வதால் தெரியும் சிவப்புப் புள்ளி என்று ஆயிரக்கணக்கான பந்துகளைப் பார்த்துப் பார்த்துத்தான் மூளை அடையாளங்களைச் சேர்க்கிறது. கீழ்ப்படிகளில் பிட்சர்களுக்கு வேகம் இருக்கும். வளைபந்தை விரும்பிய இடத்தில் போடத் தெரியாது. டபுள்-ஏ படியில் அது தெரிந்தவர்கள் எதிரே வருகிறார்கள். அதுவரை வேகப்பந்துகளை விளாசிக்கொண்டிருந்த பையன் அங்கே திடீரென்று குருடன்போல ஆடுவான்.

மைக்கேல் ஜோர்டான் 1994இல் கூடைப்பந்தை விட்டுவிட்டு பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற டபுள்-ஏ அணியில் ஆடினார். உலகின் மிகச்சிறந்த விளையாட்டு உடம்புகளில் ஒன்று அவருடையது. 31 வயது. 127 ஆட்டங்களில் அவர் அடித்தது 0.202, ஸ்ட்ரைக் அவுட் ஆனது 114 முறை. உடம்பு தயாராக இருந்தது. நூலகத்தில் பதினைந்து வருடப் புத்தகங்கள் குறைந்தன.

இந்தியாவுக்கும் இதில் ஒரு கிளைக்கதை உண்டு. 2008இல் வேகமாகப் பந்தெறியும் கைகளைத் தேடி இங்கே ஒரு போட்டி நடந்தது. ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங்கும் தினேஷ் பட்டேலும் அதில் கண்டெடுக்கப்பட்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தமானார்கள். பின்னர் ஏ.ஆர். ரஹ்மான் இசையில் ஹாலிவுட் படமாகவும் வந்த கதை. இருவருமே மேஜர் லீக்கை எட்டவில்லை. கையை ஒரு போட்டியில் கண்டுபிடித்துவிடலாம். பேஸ்பால் பார்த்து வளர்ந்த குழந்தைப் பருவத்தை அப்படிக் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது.

கையின் இரண்டு வேகங்கள்

இனி பந்தெறிபவரின் பக்கம். கூஃபாக்ஸின் தொல்லை குறி தவறுவது. நான்கு பந்து குறிக்கு வெளியே போனால் பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். இதற்கு வாக் என்று பெயர். முதல் ஆறு பருவங்களில் 691 இன்னிங்ஸுக்குச் சற்று மேலாக எறிந்த கூஃபாக்ஸ், அப்படி 405 பேரை நடக்க விட்டார். ஒரு முழு ஆட்டமான ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்துக்கும் மேல்.

பழியை அவர்மேல் மட்டும் போட முடியாது. 1954 டிசம்பரில், டாட்ஜர்ஸ் அணி அப்போது இருந்த புரூக்ளினில், அவருடன் ஒப்பந்தம் போட்டபோது கொடுத்த முன்பணம் 14,000 டாலர். அந்தக் காலத்து விதிப்படி 4,000 டாலருக்கு மேல் முன்பணம் வாங்கிய இளைஞரை இரண்டு வருடம் பண்ணைக்கு அனுப்பக் கூடாது. மேஜர் லீக் அணியிலேயே வைத்திருக்க வேண்டும். பணக்கார அணிகள் எல்லா இளைஞர்களையும் வாரிக்கொள்ளக் கூடாது என்பதற்காக வந்த விதி. விளைவு வேறாக இருந்தது. பட்டத்துக்குப் போராடும் அணி குறி தெரியாத பையனிடம் பந்தைக் கொடுக்குமா? முதல் இரண்டு பருவங்களிலும் சேர்த்து அவருக்குக் கிடைத்தது சுமார் 100 இன்னிங்ஸ். நாற்றங்காலில் வளர வேண்டியதை நேரே வயலில் நட்டு, தண்ணீரும் காட்டாமல் விட்ட கதை. காலம் ஓடினால் மட்டும் பயிர் வளர்ந்துவிடாது.

1961 மார்ச்சில் ஆர்லாண்டோவில் ஒரு பயிற்சி ஆட்டம். கூஃபாக்ஸ் முதல் இன்னிங்ஸிலேயே மூன்று பேரை நடக்க விட்டு பேஸ்களை நிரப்பிவிட்டார். கேட்சர் நார்ம் ஷெரி எழுந்து மேட்டுக்குப் போனார். இவ்வளவு மூர்க்கமாக எறியாதே, கொஞ்சம் தளர்த்தி எறி, அவர்கள் அடித்தால் அடிக்கட்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். கூஃபாக்ஸ் தளர்த்தினார். எறிந்த ஏழு இன்னிங்ஸிலும் எதிரணிக்கு ஒரு ஹிட் இல்லை. பிறகு ஷெரி சொன்ன செய்திதான் வேடிக்கை: மெதுவாக எறிய முயன்றபோது பந்து முன்னைவிட வேகமாக வந்ததாம்.

பிளேட்டின் அகலம் 17 அங்குலம், அதாவது 43 சென்டிமீட்டர். விரலை விட்டுப் பந்து விடுபடும்போது திசை ஒரு பாகை மாறினால் பிளேட்டை எட்டும்போது 29 சென்டிமீட்டர் விலகியிருக்கும். இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்யும் நரம்புகளில் எப்போதும் சிறு இரைச்சல் உண்டு. 1998இல் கிறிஸ்டஃபர் ஹாரிஸ், டேனியல் வோல்பெர்ட் இருவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட கட்டுரை இதை விளக்கியது: தசைக்குப் போகும் கட்டளை எவ்வளவு வலுவானதோ அவ்வளவுக்கு இரைச்சலும் கூடும். ஒலிபெருக்கியை முழுதாகத் திருகினால் பாட்டோடு கரகரப்பும் ஏறுவதுபோல. தவிர, முழு மூச்சாக எறிபவருக்கு எதிரெதிர்த் தசைகள் ஒரே நேரத்தில் இறுகிக் கையை இழுத்துப் பிடிக்கும். தளர்த்தினால் இரைச்சல் குறையும், பிடியும் விடும்.

அந்த ஆண்டு கூஃபாக்ஸ் 255 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்தார். வாக் 96 மட்டுமே. ஒன்பது இன்னிங்ஸுக்கு மூன்றரைக்கும் கீழே. ஸ்ட்ரைக் அவுட் 269, இருபதாம் நூற்றாண்டின் தேசிய லீக்கில் அதுவரை இல்லாத சாதனை. ஷெரியின் ஒரு வாக்கியம் மாயம் செய்தது என்று கதை சொல்வார்கள். அதே வாக்கியத்தை 1955இல் சொல்லியிருந்தால்? தளர்த்துவதற்கு முதலில் இறுக்கமான ஓர் எறிமுறை உடம்பில் பதிந்திருக்க வேண்டும். ஆறு வருட எறிதல் அந்த வாக்கியத்துக்குக் காது கொடுக்கும் கையை உண்டாக்கி வைத்திருந்தது.

கையில் இன்னொரு காலக்கணக்கும் ஓடுகிறது. தசை சில மாதங்களில் பலம் பெறும். எலும்பையும் எலும்பையும் கட்டும் இணைப்பு நாண்களுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அவை வருடக்கணக்கில்தான் தடிக்கும். முழங்கையின் உட்பக்கம் ஒரு சிறு நாண் இருக்கிறது. ஒவ்வொரு எறிதலிலும் முழங்கை தாங்க வேண்டிய முறுக்கு சுமார் 64 நியூட்டன்-மீட்டர் என்று 1990களின் ஆய்வுகள் அளந்தன. இறந்தவர்களின் முழங்கைகளில் சோதித்தபோது அந்த நாண் ஏறக்குறைய அதில் பாதிக்கே அறுந்தது. மீதியைச் சுற்றியுள்ள தசைகள் வாங்கிக்கொள்வதால்தான் பிட்சரின் கை பிழைக்கிறது. வேகம் கூட்டும் பயிற்சியில் தசை முந்திக்கொண்டு நாண் பின்தங்கிவிட்டால் ஒருநாள் அறுந்துவிடும். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சருக்கு உடம்பின் வேறு இடத்து நாணை எடுத்து அங்கே பின்னிக் கட்டினார். டாமி ஜான் அதற்குப் பிறகு 164 ஆட்டங்களை வென்றார். அறுவைச் சிகிச்சைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

ஸ்டீஃபன் ஸ்ட்ராஸ்பர்க் 2009 டிராஃப்டின் முதல் தேர்வு. 2010 ஜூனில் அறிமுக ஆட்டத்திலேயே 14 ஸ்ட்ரைக் அவுட். செப்டம்பரில் அதே அறுவைச் சிகிச்சை. 2012இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி பட்டத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, 159 இன்னிங்ஸோடு அவரை உட்கார வைத்தது. கை ஆறட்டும் என்றார்கள். அணி தோற்றது, ஊரே ஏசியது. 2019இல் அதே அணி உலகத் தொடரை வென்றபோது அதன் நாயகன் ஸ்ட்ராஸ்பர்க். பொறுமை பலித்தது என்று எழுதி முடிக்கலாம்தான். ஆனால் அந்த வெற்றிக்குப் பின் 24.5 கோடி டாலருக்கு ஏழு வருட ஒப்பந்தம் போட்ட அவரால் அதற்கப்புறம் ஆட முடிந்தது எட்டே ஆட்டங்கள். காத்திருந்ததும் சரி, கடைசியில் நம்பியது பொய்த்ததும் அதே கைதான்.

அப்படியானால் எந்த வயதில் விளைச்சல் உச்சம்? பில் ஜேம்ஸ் 1980களின் தொடக்கத்தில் பழைய புள்ளிவிவரங்களைக் கிளறி 27 வயது என்றார். பின்னால் வந்தவர்கள் ஓரிரு வருடம் முன்னே பின்னே சொன்னார்கள். உண்மையில் ஒவ்வொரு திறனும் தனித்தனியாக உச்சம் தொடுகிறது. கால் வேகமும் பந்தின் வேகமும் இருபதுகளின் முற்பகுதியிலேயே. அடிக்கும் பலம் இருபதுகளின் நடுவில். எந்தப் பந்தை விட வேண்டும் என்ற விவேகம் முப்பதைத் தாண்டியும் வளரும். அந்தச் சராசரியிலும் ஒரு பொறி உண்டு. 34 வயதில் களத்தில் நிற்பவர்களை மட்டும் பார்த்தால் வயது யாரையும் ஒன்றும் செய்யாததுபோலத் தெரியும். உதிர்ந்தவர்கள் கணக்கிலேயே இல்லையே.

45 வாய்ப்புகளின் பொய்

மூன்றாவது சங்கதி உடம்பில் இல்லை, எண்ணில் இருக்கிறது. 1970 பருவத்தின் தொடக்கத்தில், தலா 45 முறை மட்டை பிடித்திருந்த 18 ஆட்டக்காரர்களின் எண்களை பிராட்லி எஃப்ரான், கார்ல் மாரிஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். பட்டியலின் உச்சியில் ரொபெர்ட்டோ கிளெமென்டே: 18 ஹிட், சராசரி 0.400. கடைசிக்கு முந்தைய இடத்தில் யாங்கீஸ் அணியின் இளம் கேட்சர் தர்மன் மன்சன்: 8 ஹிட், 0.178. பத்துக்கு மூன்று முறை அடித்தாலே பெரிய ஆள் என்னும் விளையாட்டில் 0.178 என்பது பண்ணைக்குத் திரும்பிப் போகும் பஸ் டிக்கெட்.

மீதிப் பருவத்தை ஊகிக்க என்ன வழி? அவரவர் எண்ணையே நம்புவது ஒரு வழி. சார்ல்ஸ் ஸ்டைன் 1950களில் கண்டறிந்த விநோதமான இன்னொரு வழி இருக்கிறது: எல்லோரையும் கூட்டத்தின் சராசரியை நோக்கி இழுப்பது. அந்த 18 பேரின் சராசரி 0.265. அதிலிருந்து ஒருவர் எவ்வளவு விலகியிருக்கிறாரோ அதில் ஐந்தில் ஒரு பங்கை மட்டுமே நம்பலாம் என்று சூத்திரம் சொன்னது. கிளெமென்டே 0.294க்கு இறங்கினார். மன்சன் 0.247க்கு ஏறினார். பருவம் முடிந்ததும் ஒப்பிட்டார்கள். 18 பேருக்கும் சேர்த்துப் பார்த்தால், இழுத்துப் போட்ட கணிப்பின் பிழை, அவரவர் எண்ணை அப்படியே நம்பிய கணிப்பின் பிழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

மன்சன் மீதிப் பருவத்தில் அடித்தது 0.316. அந்த ஆண்டின் அமெரிக்க லீக் சிறந்த புதுமுகம் அவர்தான். ஆறு வருடம் கழித்து லீக்கின் மிகமதிப்புள்ள வீரர் விருதும் வந்தது. அவருடைய அசல் திறன் 0.300 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், 45 முறையில் எட்டோ அதற்குக் குறைவோ ஹிட் கிடைக்க இருபதில் ஒரு வாய்ப்பு உண்டு. நூறு இளைஞர்கள் அதே திறனோடு வந்தால், ஐந்து பேர் ஒரு குற்றமும் செய்யாமல் முதல் மாதத்தைக் கோட்டை விடுவார்கள். பத்திரிகைகள் அந்த ஐந்து பேரின் மட்டைப் பிடியைப் பற்றியும் மனத்திடத்தைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதும்.

இழுத்த பிறகும் மன்சனுக்கு வந்தது 0.247தான் என்பதைக் கவனிக்க வேண்டும். சூத்திரம் கூட்டத்தைப் பற்றிச் சரியாகச் சொன்னது. அந்த ஒரு பையனைப் பற்றித் தவறாகத்தான் சொன்னது. அது அறிந்ததெல்லாம் எட்டு, நாற்பத்தைந்து என்ற இரண்டு எண்கள். ஸ்கவுட்டின் நோட்டுப்புத்தகத்துக்கு இங்கே வேலை வருகிறது. பையனின் வயது என்ன, எந்தப் படியில் ஆடுகிறான், எதிரே யார் எறிந்தார்கள், தோற்றபோதும் நல்ல பந்தைத்தான் அடிக்கப் போனானா? டபுள்-ஏ படியில் 0.260 அடிக்கும் 19 வயதுக்காரரும் 24 வயதுக்காரரும் ஒன்றில்லை. முன்னவர் தன்னைவிட ஐந்து வருடம் மூத்த நூலகங்களோடு மோதிக்கொண்டிருக்கிறார்.

காத்திருப்பதற்குக் காசு யார் தருவது?

2013 டிராஃப்டின் முதல் தேர்வு பிட்சர் மார்க் அப்பெல். இரண்டாவது பேட்டர் கிறிஸ் பிரையன்ட். இரண்டு வருடத்தில் பிரையன்ட் தயாராகிவிட்டார். 2015 பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்தார். இருந்தும் சிகாகோ கப்ஸ் அணி அவரை உடனே எடுக்காமல் பருவம் தொடங்கிச் சில நாள் கழித்து ஏப்ரல் 17இல்தான் ஏற்றியது. பருவ முடிவில் அவர் கணக்கில் இருந்தது 171 நாள். முழு ஆண்டாகக் கணக்கிட 172 வேண்டும். ஒரு நாள் குறைந்ததால் அவர் விருப்பம்போல் வேறு அணிக்குப் போகும் உரிமை ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் அவரே. இந்தக் காத்திருப்பில் உடலியலும் இல்லை, நரம்பியலும் இல்லை. கணக்குப்பிள்ளை வேலை மட்டுமே இருந்தது.

அப்பெல்லுக்குக் கை வலித்தது, குறி தவறியது, 2018இல் ஆட்டத்தையே விட்டார். மூன்று வருடம் கழித்துத் திரும்பினார். 2022 ஜூனில், 30 வயதில், பிலடெல்பியா அணிக்காக முதல் முறையாக மேஜர் லீக் மேட்டில் கால் வைத்தார். ஆறு ஆட்டம் ஆடினார்.

முதல் தேர்வுக்காவது கையில் லட்சங்கள் இருக்கும். பண்ணையில் இருக்கும் பெரும்பாலோருக்கு அது கிடையாது. 2023இல் முதல் முறையாகத் தொழிற்சங்க ஒப்பந்தம் வரும்வரை, டிரிபிள்-ஏ படியில் ஆடுபவருக்குக் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 17,500 டாலர். அந்த நான்கு படிகளுக்கும் கீழே உள்ள தொடக்க லீக்குகளில் 4,800. ஒப்பந்தம் அவற்றை 35,800, 19,800 என்று உயர்த்தியது. மேஜர் லீக்கில் அதே ஆண்டின் குறைந்தபட்சம் 7,20,000 டாலர். நூறு முளைகளுக்குத் தண்ணீர் ஊற்றி இரண்டு விளைந்தால் அணிக்கு லாபம். விளையாத தொண்ணூற்றெட்டும் தங்கள் இருபதுகளைப் பஸ்ஸிலும் மலிவு விடுதிகளிலும் கழித்திருக்கும். காத்திரு என்று சொல்வது அணிக்கு எளிது. வயது ஏறுவது பையனுக்கு.

கவானோவுக்கு நரம்பு இரைச்சலும் தெரியாது, ஸ்டைன் சூத்திரமும் தெரியாது. 1960இல் கூஃபாக்ஸின் முழங்கைக்குள் இருந்ததை அந்த ஊரில் யாராலும் படித்திருக்க முடியாது. ஆனால் ஒரு ஜோடி ஷூவை எடுத்து வைக்க ஆகும் செலவு அலமாரியில் ஒரு சாண் இடம். அது வீணாகப் போனால் இழப்பு ஒன்றுமில்லை. பலித்தால் கிடைப்பதற்கு எல்லையில்லை. முளையில் எல்லாம் தெரிந்துவிடுவதில்லை என்று ஒப்புக்கொண்டவர் செய்யக்கூடிய கணக்கு இவ்வளவுதான். அடுத்த வசந்தத்தில் கூஃபாக்ஸ் வந்து கேட்டபோது, ஷூ தயாராக இருந்தது.